கடைசி இலக்கம் தேய்ந்த ஒரு சென்ட்

இந்தக் காசு என் கைக்கு வந்தபோது அதில் ஆண்டு முழுசாக இல்லை. நண்பர் ஒருவர் பென்சில்வேனியாவில் ஒரு பழைய வீட்டுச் சாமான் ஏலத்தில் பதினொரு செம்புக் காசுகளை ஒரே பொட்டலமாக எடுத்திருந்தார். பத்தில் ஆண்டைப் படிக்க முடிந்தது, எல்லாம் சாதாரண வகை. பதினோராவதை மட்டும் தனி உறையில் போட்டு, உறைமேல் பென்சிலால் '180?' என்று எழுதி எனக்கு அனுப்பினார். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: "ஆண்டு தெரிந்தால் போதும், அவசரம் இல்லை."

ஆண்டு தெரிய ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரத்தில் என்ன பார்த்தேன், எதை வைத்து முடிவுக்கு வந்தேன், எங்கே தப்பான வழியில் போனேன் என்பதை இங்கே முழுதாக எழுதுகிறேன். அமெரிக்காவின் ஆரம்பகாலச் செம்புக் காசுகளை அச்சு வகைப்படி இனம் பிரிக்க விரும்புகிறவர்களுக்கு, ஒரே ஒரு காசைக் கடைசிவரை பின்தொடர்ந்து பார்ப்பது நல்ல பயிற்சி என்பது என் எண்ணம்.

ஒரே ஆண்டில் ஒரே நாணயச் சாலையில் அடித்த காசுகள் ஏன் ஒன்றுபோல் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நாணயச் சாலையை உருவாக்கிய சட்டம் 1792 ஏப்ரல் 2ஆம் தேதி வந்தது. பிலடெல்பியாவில் கட்டடம் எழுந்தது. 1793 மார்ச்சில் புழக்கத்துக்கான முதல் சென்ட்டுகளை, அதாவது டாலரில் நூறில் ஒரு பங்கான செம்புக் காசுகளை, அடித்தார்கள். பின்பக்கத்தில் சங்கிலி வளையம் கொண்ட அவை மொத்தம் 36,103. அந்தக் காலத்தில், காசை அடிக்கும் உருக்கு அச்சைச் செய்வது கைவேலை. உருக்குக் கட்டையின் முகத்தில் தலை உருவத்தை, அந்த உருவம் வெட்டிய ஓர் உருக்கு முளையால் அடித்து இறக்குவார்கள். அப்புறம் எழுத்துகள், ஆண்டின் இலக்கங்கள், பின்பக்கத்து இலைமாலையின் காய்கள், காம்புகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கையால் சேர்க்க வேண்டும். ஓர் அச்சில் ஓர் எழுத்து கொஞ்சம் சாயும். அடுத்த அச்சில் அதே எழுத்து அரை மயிரிழை மேலே ஏறும். உருக்கைப் பதப்படுத்துவதிலும் ஒரே சீர் கிடையாது. சில அச்சுகள் நிறையக் காசு அடித்தன, சில சீக்கிரமே விரிசல் விட்டன. முன்பக்க அச்சு உடைந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு, பழைய பின்பக்க அச்சோடு வேலையைத் தொடர்ந்தார்கள். இப்படி ஒரு முன் அச்சும் ஒரு பின் அச்சும் சேர்ந்த ஒவ்வொரு இணையும் ஓர் அச்சு வகை.

கைவேலையில் பிழை வரத்தான் செய்யும். 1796இல் லிபர்ட்டி என்ற சொல்லின் பி எழுத்தை இடவலம் மாற்றி அடித்துவிட்டு, அதன்மேலேயே சரியான பி எழுத்தை அடித்திருக்கிறார்கள். இன்று பார்த்தால் அது எச் எழுத்தைப் போல நிற்கிறது. 1801இல் ஒரே பின்பக்க அச்சில் மூன்று பிழை. யுனைட்டெட் என்ற சொல்லின் முதல் எழுத்து இரண்டு ஐ எழுத்துகள் போல இருக்கிறது. மாலையின் இடப்பக்கக் காம்பைக் காணோம். 1/100 என்று இருக்க வேண்டிய பின்னம் 1/000 என்று இருக்கிறது. இப்படிக் கண்ணுக்கு உடனே படும் பிழைகளைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. பிழையே இல்லாத இரண்டு அச்சுகளைப் பிரிப்பதுதான் கடினம்.

இதை முதலில் ஒழுங்காகச் செய்தவர்களில் ஒருவர் எட்வர்ட் மாரிஸ் என்ற மருத்துவர். 1794ஆம் ஆண்டு சென்ட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் வகைகளை 1869இல் வெளியிட்டார். எண் வைத்ததோடு நிற்காமல் பெயரும் வைத்தார்: வீனஸ் மரினா, படகோனியன், காதல் முகம், விழுந்த 4, ரோமன் பிளிக்கா. பிளிக்கா என்பது தலைமுடி சடைபிடிக்கும் ஒரு நோயின் பெயர். காசில் சுதந்திர தேவியான லிபர்ட்டியின் கூந்தலைப் பார்த்ததும் மருத்துவருக்கு நோயாளி ஞாபகம் வந்திருக்கிறது. இந்தப் பெயர்களில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. முகத்தைப் பார்த்துப் பெயர் வைத்தவர் அந்த முகத்தை மறக்கவே மாட்டார். எண்ணை மறக்கலாம்.

எண் முறையை நிலைநாட்டியவர் வில்லியம் ஷெல்டன். 1793 முதல் 1814 வரையிலான சென்ட்டுகளுக்கு அவர் 1949இல் கொடுத்த எண்களைத்தான் இன்றும் புழங்குகிறோம். காசின் நிலையை 70 வரை மதிப்பிடும் அளவுகோலும் அவர் கொண்டுவந்ததே. அவரைப் பற்றிப் பின்னால் வேறு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, உறையில் வந்த காசுக்கு வருகிறேன்.

வெளியே எடுத்ததும் தராசில் வைத்தேன். 10.21 கிராம். ஓரம் வழவழப்பு, எழுத்து எதுவும் இல்லை. இந்த இரண்டே தகவலில் பாதி வேலை முடிந்தது. 1793இலிருந்து சென்ட்டின் சட்டப்படியான எடை 208 கிரெய்ன், அதாவது சுமார் 13.5 கிராம். செம்பு விலை ஏறியதால் 1795 முடிவில் அதை 168 கிரெய்னாக, சுமார் 10.9 கிராமாகக் குறைத்தார்கள். கனமான பழைய சென்ட்டின் ஓரத்தில் 'ஒரு டாலருக்கு நூறு' என்ற பொருளில் எழுத்து இருக்கும். தகடு மெலிந்ததும் அந்த எழுத்து போய்விட்டது. தேய்மானத்தைக் கணக்கில் சேர்த்தால் 10.21 கிராம் இலேசான வகைக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது.

முன்பக்கத்தில் வலம் பார்க்கும் பெண் தலை, மார்பில் துணி மடிப்பு, கூந்தலில் ரிப்பன். 1796 முதல் 1807 வரை இருந்த வடிவம் இது. அதன்கீழ் ஆண்டு. விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி, ஒளி காசின்மேல் சாய்வாகப் படும்படி வைத்துக் காசை மெல்லச் சுற்றினேன். ஒரு கோணத்தில் 1, 8 இரண்டும் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் சுற்றியதும் மூன்றாவது இலக்கத்தின் இடப்பக்க வளைவு மட்டும் ஒரு மெல்லிய பிறைபோல எழுந்தது. பூஜ்யம்தான். நான்காவது இலக்கம் இருந்த இடத்தைக் களிம்பு தின்றிருந்தது. நேர் ஒளியில் இதில் எதுவுமே தெரியாது. பழஞ்செம்பைப் பார்ப்பதற்கு லென்ஸைவிட விளக்கின் கோணம் முக்கியம் என்பது என் அனுபவம்.

ஆக, 1800 முதல் 1807 வரை ஏதோ ஓர் ஆண்டு. ஷெல்டன் எண்ணில் சொன்னால் 190 முதல் 276 வரை, மொத்தம் 87 வகைகள். கிடைப்பதே அரிது என்று அவர் தனியாக ஒதுக்கி வைத்தவை இதில் சேரவில்லை.

இங்கேதான் முதல் தவறு செய்தேன். இந்த எட்டு ஆண்டுகளில் 1803 மிகச் சாதாரணம். எண் 243 முதல் 265 வரை 23 வகைகள் இருக்கின்றன. கடைகளில் கிடைக்கும் தேய்ந்த சென்ட்டுகளில் அதிகம் பார்ப்பதும் அதையே. எனவே இதுவும் 1803 ஆகத்தான் இருக்கும் என்று நினைத்து, அந்த 23 வகைகளோடு மட்டும் ஒப்பிட ஆரம்பித்தேன். பத்து நாள் ஓடியது. எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. ஒன்றில் பின்பக்கம் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது, ஓர் எழுத்து மட்டும் விலகியது. தேய்மானத்தால் அப்படித் தெரிகிறது என்று சொல்லி அதற்குள் அடக்கிவிடப் பார்த்தேன். அச்சு வகை விஷயத்தில் கிட்டத்தட்ட என்பதற்கு மதிப்பே இல்லை. தேய்மானம் எழுத்தை மெலிய வைக்கும், மழுக்கும். அதை இடம் மாற்றாது. ஓர் எழுத்தின் அடி இலை நுனிக்கு இந்தப் பக்கம் இருக்கிறதா அந்தப் பக்கமா என்பது அச்சு வெட்டிய நாளில் முடிவானது. ஒன்று விலகினாலும் அது வேறு அச்சு.

இரண்டாவது தவறு இதைவிட ஆபத்தானது. பின்பக்கத்தில், அமெரிக்கா என்ற சொல் வளைந்து இறங்கும் வலப்பக்க ஓரத்தில், கறுப்பாக ஒரு மேடு இருந்தது. களிம்பு திரண்டு கட்டியாகியிருக்கிறது என்று நினைத்தேன். மரக்குச்சியால் நெம்பிவிட்டால் அடியில் எழுத்து தெரியும் என்று தோன்றியது. குச்சியைக் கையில் எடுத்தும்விட்டேன். நல்லவேளையாக, முதலில் ஊற வைப்போம் என்று நிறுத்திக்கொண்டேன்.

செம்புக் காசுக்குச் சேகரிப்பாளர்கள் பயன்படுத்துவது சைலீன் என்ற கரைப்பான். எண்ணெயையும் அழுக்கையும் எடுக்கும், செம்பைத் தொடாது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் வைத்தேன். எடுத்தபோது திரவம் தேநீர் நிறமாக இருந்தது. ஒட்டகமயிர் பிரஷால், அழுத்தாமல், ஒரே திசையில் துடைத்தேன். மேலிருந்த கறுப்புப் படலம் வந்துவிட்டது. மேடு போகவில்லை. காசின் மற்ற இடங்களைப் போலவே அதுவும் அரக்குப் பழுப்பு நிறத்தில், அதே வழவழப்போடு இருந்தது. களிம்பே இல்லை, காசின் உலோகம். எம் எழுத்தில் தொடங்கி ஈ, ஆர், ஐ, சி வரை ஐந்து எழுத்துகளின் தலைக்கு மேல், விளிம்பைச் சுற்றிப் பல்வரிசைபோல வரும் ஓரப் பற்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஒரே பாளமாக உயர்ந்து நின்றது.

இங்கே கொஞ்சம் நின்று, இந்தத் துறையின் அடிப்படையைச் சொல்ல வேண்டும். அச்சில் குழிந்தது காசில் எழும், அச்சில் எழுந்தது காசில் குழியும். அச்சில் விரிசல் விட்டால் அந்த இடுக்கில் செம்பு புகுந்து, காசில் ஒரு மெல்லிய உயர்ந்த கோடாக வரும். அச்சின் ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்துபோனால் அந்த வெற்றிடம் முழுவதும் செம்பு நிரம்பி, எந்த உருவமும் இல்லாத மேடாக வரும். காசு புழக்கத்தில் பட்ட அடி இதற்கு நேரெதிர். கீழே விழுந்தது, ஆணி கீறியது, சாவிக்கொத்து உரசியது எல்லாம் செம்பைக் குழிக்கும் அல்லது ஒரு பக்கமாகத் தள்ளும். மூன்றாவதாக ஒன்று உண்டு: அடிப்பதற்கு முன்பே தகட்டில் இருந்த குறை, அதாவது பொத்தல், உரிசல், வெடிப்பு. அச்சு கொடுத்தது எது, தகடு கொடுத்தது எது, வாழ்க்கை கொடுத்தது எது என்று இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பொறுமை மட்டுமே. ஓர் அச்சு கொடுத்த அடையாளம் அந்த நிலையில் அது அடித்த எல்லாக் காசிலும் இருக்கும். வாழ்க்கை கொடுத்த தழும்பு அந்த ஒரு காசுக்கு மட்டுமே சொந்தம்.

நான் நெம்ப இருந்தது அச்சு கொடுத்த அடையாளத்தை.

உடனே காசைத் திருப்பினேன். முன்பக்கத்தில் லிபர்ட்டி என்ற சொல்லின் கடைசி மூன்று எழுத்துகளுக்கு மேல் ஓரம் தட்டையாக இருந்ததை முதல் நாளே குறித்திருந்தேன். பக்கத்தில் 'ஓர அடி' என்று எழுதியும் வைத்திருந்தேன். இப்போது அதே இடத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். அடி பட்டிருந்தால் செம்பு வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருக்கும், ஓரத்தைப் பக்கவாட்டில் பார்க்கும்போது உதடுபோலத் தெரியும். அப்படி எதுவும் இல்லை. ஓரம் நேராக இருந்தது. ஆர், டி, ஒய் மூன்றின் கால்களும் சிதையாமல் இருந்தன. தலைக்கு மேலே மட்டும் பற்கள் இல்லை, அந்த இடத்தில் ஒரு மழுங்கிய மேடு. இதுவும் அச்சு உடைப்புதான்.

இரண்டு பக்கமும் உடைப்பு. முன்பக்கம் ஆர், டி, ஒய் மேல். பின்பக்கம் எம் முதல் சி வரை. செம்புக் காசு சேகரிப்பவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் மனதில் எழுவது ஒரே ஓர் எண்: ஷெல்டன் 266. ஆண்டு 1804.

அந்த நேரத்தில் கை கொஞ்சம் நடுங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. காசைத் துணிமேல் வைத்துவிட்டு வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். பார்க்க ஆசைப்படுவதைக் கண் பார்த்துவிடும். 1803 என்று முடிவு செய்துகொண்டு பத்து நாளை வீணாக்கியவன் இப்போது 1804 என்று முடிவு செய்துகொண்டு அதே தவறைச் செய்யக் கூடாது.

1804 சென்ட் ஏன் இவ்வளவு தேடப்படுகிறது? அந்த ஆண்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை 96,500. முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அந்த ஆண்டு இலக்கத்தோடு இருப்பது ஒரே ஓர் அச்சு இணை. ஆண்டுக்கு ஒரு சென்ட் என்று சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் இதில் ஒன்று வேண்டும். அதனால் போலிகளும் நிறைய. 1801இன் கடைசி 1ஐயோ, 1803இன் 3ஐயோ உளியால் திருத்தி 4 ஆக்குவது நூறு வருடத்துக்கு மேல் பழைய வேலை. ஒரே அச்சு இணை என்பது இங்கே நமக்குப் பெரிய உதவி. இலக்கத்தை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும், லிபர்ட்டி எழுத்துகளின் இடத்தையும் பின்பக்கத்து இலை நுனிகளையும் யாராலும் நகர்த்த முடியாது. திருத்திய காசின் பின்பக்கம் 'நான் 1803' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு போலி வேறு மாதிரி. நாணயச் சாலை பழைய இரும்பாக விற்ற அச்சுகளை வைத்து, 1860 வாக்கில் யாரோ சாலைக்கு வெளியே ஒரு '1804 சென்ட்' அடித்தார்கள். முன்பக்கத்துக்கு 1803ஆம் ஆண்டின் ஓர் அச்சை, ஷெல்டன் 261இன் முன்பக்கத்தை, எடுத்து ஆண்டைத் திருத்தினார்கள். பின்பக்கத்துக்குக் கிடைத்தது 1820ஆம் ஆண்டின் அச்சு. அந்த மாலை மூடிய வட்டமாக இருக்கும், கீழே 1/100 என்ற பின்னமே இருக்காது. அசல் 1804இல் மாலை மேலே திறந்திருக்கும், ரிப்பனுக்குக் கீழே பின்னம் இருக்கும். காசைத் திருப்பினால் ஒரே நொடியில் தெரிந்துவிடும் வித்தியாசம் இது. ஆனாலும் இந்த மறு அச்சுக் காசுக்கும் தனியாக ஒரு சந்தை இருக்கிறது.

என் காசில் பின்னத்தின் கோடும் வலப்பக்கச் சுழிகளும் தெரிந்தன. மறு அச்சு இல்லை என்பது அங்கேயே முடிந்தது.

அடுத்த சோதனை சுவாரசியமானது. அசல் 1804இல், ஆண்டின் பூஜ்யத்துக்கு நேர் பின்னால் மறுபக்கத்தில் 'ஆஃப்' என்ற சொல்லின் ஓ எழுத்து வரும். காசை ஓரமாகப் பிடித்து, கட்டைவிரல் நுனியைப் பூஜ்யத்தின் பிறைமேலும் ஆள்காட்டி விரல் நுனியை மறுபக்கத்திலும் வைத்துத் திருப்பினேன். விரல் ஓ எழுத்தின்மேல் இருந்தது. இது துணைச் சாட்சி மட்டுமே. வேறு காசிலும் தற்செயலாக அமையலாம். ஆனால் அமையாமல் போயிருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முக்கியமான வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. அசல் என்று உறுதியான மூன்று வேறு 1804 சென்ட்டுகளின் தெளிவான படங்களை எடுத்து, என் காசின் படத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கி, ஒவ்வோர் இடமாக ஒப்பிட்டேன். பின்பக்கம் வலது பாதியில் படிக்கக்கூடியதாக இருந்த ஒன்பது இடங்களைத் தேர்ந்தேன். எந்த இலை நுனி எந்த எழுத்தின் எந்தக் காலுக்குக் கீழ், எந்தக் காய் எந்த எழுத்தைப் பார்க்கிறது, பின்னத்தின் கோடு ரிப்பனிலிருந்து எவ்வளவு தள்ளி என்று ஒவ்வொன்றாக. முன்பக்கத்தில் ஐந்து இடங்கள். பதினான்கும் பொருந்தின. உடைப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை, வேண்டுமென்றுதான். உடைப்பு கண்ணை இழுத்துவிடும். உடைப்பே இல்லாத 1804 காசுகளும் உண்டு, அவை அச்சு முழுசாக இருந்தபோது அடித்தவை. எழுத்தும் இலையும் நின்ற இடம் அச்சின் முதல் காசிலிருந்து கடைசிக் காசுவரை மாறாது. உடைப்பு, அச்சின் வயதைச் சொல்லும். என் காசு அந்த அச்சுகளின் கடைசிக் காலத்தது.

பிறகு படங்களை இந்த வகையை நன்றாகப் பழகிய இரண்டு பேருக்குத் தனித்தனியாக அனுப்பினேன். என் முடிவைச் சொல்லவில்லை, என்ன வகை என்று மட்டும் கேட்டேன். இரண்டு பேருமே 266 என்று பதில் போட்டார்கள். ஒருவர் ஒரு மணி நேரத்துக்குள்.

அரிதா என்று நண்பர் கேட்டார். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஒரு வகை எவ்வளவு அரிது என்பதைச் சொல்லும் ஷெல்டனின் அளவுகோல் 1 முதல் 8 வரை போகும். ஐந்தாம் படி என்றால் மிஞ்சியிருக்கும் காசுகள் 31 முதல் 75 வரை, ஆறு என்றால் 13 முதல் 30 வரை, ஏழு என்றால் 4 முதல் 12 வரை, எட்டு என்றால் மூன்றுக்குள். 1804 சென்ட் இதில் உச்சியில் இல்லை. எல்லா நிலைகளையும் சேர்த்தால் நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. ஆண்டு என்ற வகையில் அதற்குத் தேவை அதிகம், அவ்வளவுதான். அச்சு வகை என்ற முறையில் உண்மையிலேயே அரியது எது என்றால் 1795ஆம் ஆண்டின் ஷெல்டன் 79ஐச் சொல்லலாம். அதன் ஓரத்தில் எழுத்தும் இல்லை, வழவழப்பும் இல்லை, நெருக்கமான வரிகள் இருக்கும். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் தெரியவந்திருக்கின்றன. அதில் நன்றாகத் தேய்ந்த ஒன்று 2009இல் 12,65,000 டாலருக்குப் போனது. இன்னொன்று 1794ஆம் ஆண்டின் ஷெல்டன் 48. பின்பக்கத்தின் விளிம்பில், ஓரப் பற்களுக்கு இடையே, 94 குட்டி ஐமுனை நட்சத்திரங்கள். ஏன் வைத்தார்கள் என்பதற்கு இன்றுவரை நிச்சயமான பதில் கிடையாது. அந்தக் காசுகள் எண்பத்து மூன்று வருடம் கைமாறிக்கொண்டிருந்தன, யாரும் கவனிக்கவில்லை. 1877இல் ஹென்றி சாப்மன் என்ற இளைஞர் கவனித்தார். அவர் லென்ஸை நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்த்திய அந்தக் கணத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

வகை தெரிந்துவிட்டது. ஆனால் இந்த ஆய்வை அங்கே முடிக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் ஷெல்டன்தான்.

ஷெல்டன் தொழிலால் உளவியலாளர். மனித உடல்களைப் படம் எடுத்து வகை பிரித்தவர். செம்புக் காசுகளின் வகைகளை அவர் அளவுக்கு அறிந்தவர்கள் அவர் காலத்தில் சிலரே. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் கிளாப் தன் சிறந்த சென்ட் சேகரிப்பை நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்குக் கொடுத்திருந்தார். ஷெல்டனுக்கு அங்கே தாராளமாகப் போய்வரவும் காசுகளை எடுத்துப் பார்க்கவும் அனுமதி இருந்தது. அவர் அங்கிருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் நிலை குறைந்த தன் காசுகளை அந்த இடத்தில் வைத்துவிட்டார் என்பது அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் முழுதாக வெளியே வந்தது. இதற்கிடையில் அவருடைய சேகரிப்பு வேறொருவருக்கு விற்கப்பட்டிருந்தது. தகராறு கலிஃபோர்னியா நீதிமன்றத்துக்குப் போனது. காலம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் சங்கத்தின் உரிமைக் கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996இல் சொன்னது.

எனக்கு இதில் நெஞ்சில் தைப்பது திருட்டைவிட அதன் முறை. ஒரு வகைக்குப் பதில் அதே வகை. பெட்டியைத் திறந்து எண்ணைச் சரிபார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருக்கும். அச்சு கொடுத்த அடையாளம் அத்தனையும் பொருந்தும், ஏனென்றால் இரண்டும் ஒரே அச்சின் பிள்ளைகள். பொருந்தாமல் போனது தழும்புகள் மட்டும். பழைய படங்களில் ஒரு காசின் கன்னத்தில் இருந்த கீறல் பெட்டியில் இருந்த காசில் இல்லை. அதே கீறல் வேறொருவர் சேகரிப்பில் இருந்த காசில் இருந்தது. இப்படித்தான் ஒவ்வொரு காசும் தன்னைக் காட்டிக்கொடுத்தது. வகை பிரிக்கும்போது நாம் ஒதுக்கித் தள்ளும் கீறலும் குழியும் இங்கே ஒரே சாட்சி.

இன்றைய போலிகளைப் பிடிப்பதிலும் இதுவே உதவுகிறது. இப்போது ஓர் அசல் காசை மாதிரியாக வைத்து அச்சு செய்து, புதிய போலிகளை அடிக்கிறார்கள். எழுத்தின் இடம், இலை நுனி, விரிசல் கோடு எல்லாம் அசல்போலவே அமைந்துவிடும், அதனால் வகைச் சோதனையில் தேறிவிடும். ஆனால் மாதிரிக் காசு தன் வாழ்க்கையில் வாங்கிய கீறலும் அதோடு சேர்ந்து வந்துவிடும். ஒரே கீறல், ஒரே இடத்தில், ஒரே நீளத்தில் இரண்டு காசில் இருந்தால் ஒன்றாவது போலி. ஒரே தழும்பு இரண்டு பேருக்கு இருக்க முடியாது. என் காசின் தழும்புகளை விற்பனைப் படங்களில் கிடைத்த மற்ற 1804 காசுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எதிலும் அவை இல்லை.

அதனால் நண்பருக்குத் திருப்பி அனுப்பும் முன், இரண்டு பக்கத்தையும் ஓரத்தையும் மூன்று ஒளிக் கோணங்களில் படம் எடுத்தேன். ஒரு சீட்டில் இப்படி எழுதினேன்:

"1804 சென்ட். ஷெல்டன் 266, இரு பக்கமும் அச்சு உடைந்த நிலை. 10.21 கிராம். நிலை மோசம், முன்பக்கம் ஆண்டின் வலப்புறம் அரிப்பு. தனி அடையாளங்கள்: கழுத்துக்குப் பின்னால் மேலிருந்து கீழாகச் சாய்ந்த 3 மி.மீ. கீறல், பின்பக்கம் 'ஒன்' என்ற சொல்லின் ஓ எழுத்துக்குள் ஊசிமுனை அளவு குழி, பின்பக்கத்தைப் பார்த்துப் பிடித்தால் ஏழு மணி இடத்தில் ஓரத்தில் சிறு வெட்டு. சைலீனில் ஊறவைத்தது தவிர வேறு எதுவும் செய்யவில்லை."

உறையை மாற்றவில்லை. பென்சிலில் எழுதிய '180?' அப்படியே இருக்க, சீட்டை மடித்து அதற்குள்ளேயே வைத்தேன்.